வாய்க் கிருமிகளைப் பற்றி கோத்தகிரியில் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

கோத்தகிரியில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். டாக்டர் உள்ளே வேலையாக இருக்கும்போது பெஞ்சில் காத்திருப்பவர்கள் என்னிடம்தான் பேச்சுக் கொடுப்பார்கள், டாக்டரிடம் கேட்க வெட்கப்படுகிற கேள்வியெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். திரும்பத் திரும்ப வருவதை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன, அதனால் மேலிருந்து படிப்பது நல்லது.

வாய்ல கிருமி இருக்குன்னு சொன்னா நான் சுத்தமா இல்லைன்னு அர்த்தமா அக்கா?

அப்படி அர்த்தம் இல்லை. எல்லார் வாயிலும் இருக்கிறது, டாக்டர் வாயிலும்தான். மனிதர்களின் வாயில் இதுவரை 700க்கும் மேற்பட்ட பாக்டீரியா வகைகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள், ஒரே ஆளிடம் அத்தனையும் இருக்காது, அதில் ஒரு பகுதி இருக்கும். 1683இல் லேவன்ஹூக் என்ற டச்சுக்காரர் தன் பல் இடுக்கிலிருந்த மாவு மாதிரியான அழுக்கைச் சுரண்டி, தானே செய்த லென்ஸில் வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே குட்டிக் குட்டி உயிர்கள் துள்ளி ஓடுவதாக எழுதினார். இத்தனைக்கும் அவர் தினமும் காலையில் உப்பு வைத்துப் பல் தேய்க்கிறவர். வாழ்நாளில் வாயே கழுவாத ஒரு கிழவரிடம் எடுத்துப் பார்த்தபோது இன்னும் ஏராளமாக இருந்ததாம்.

எந்த வகை, எவ்வளவு, எந்த இடுக்கில் எத்தனை நாளாகக் குடியிருக்கிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். பெரும்பாலானவை நமக்கு ஒரு தொந்தரவும் செய்வதில்லை, சில நமக்காக வேலைகூடச் செய்கின்றன. அதை மவுத்வாஷ் கேள்வியில் சொல்கிறேன்.

சொத்தைப் பல்லுக்குள்ள பூச்சி இருக்குமாமே? புகை போட்டு எடுத்துக் காட்டறாங்களே?

பல்லுக்குள் புழு, பூச்சி எதுவும் வாழ்வதில்லை. பல் மருத்துவத்துக்கே அடித்தளம் போட்டவர் என்று சொல்லப்படும் பிரெஞ்சுக்காரர் பியர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட நூலிலேயே இந்தப் புழுக் கதையை ஏற்கவில்லை. கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு வாயில் புகை பிடிக்கவைத்து, பிறகு தட்டில் எதையோ காட்டி "இதோ பாரு" என்றால், காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். புகை பிடித்த பிறகும் ஓட்டை ஓட்டையாகத்தான் இருக்கும்.

உண்மையில் நடப்பது இதுதான். பல் மேல் ஒரு படலமாக ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களில் சில, குறிப்பாக ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற வகை (1924இல் கிளார்க் என்பவர் பெயர் வைத்தது), நாம் சாப்பிடும் சர்க்கரையைத் தானும் தின்று அமிலத்தை வெளியே விடும். அமிலத்தை அளக்கிற எண்ணுக்கு பி.எச். என்று பெயர், எண் குறையக் குறைய அமிலம் கூடுதல். வாயில் அது சாதாரணமாக 7க்குப் பக்கத்தில் இருக்கும். இனிப்பு உள்ளே போன சில நிமிடங்களில் அந்தப் படலத்துக்குள் அது 5.5க்குக் கீழே இறங்கிவிடும், அப்போது எனாமலிலிருந்து, அதாவது பல்லின் கடினமான மேல் உறையிலிருந்து, கால்சியமும் பாஸ்பேட்டும் கரைய ஆரம்பிக்கும். உமிழ்நீர் வந்து அமிலத்தைத் தணித்து, கரைந்ததில் கொஞ்சத்தைத் திரும்பப் பல்லில் சேர்க்கும், அதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். கரைவது சேர்வதை விட அதிகமாகிக்கொண்டே போனால் ஒருநாள் ஓட்டை விழும். இந்த அரை மணிக் கணக்கு டீ கேள்வியில் திரும்ப வரும்.

நம்ம ஊரு குளிருக்கு கிருமியெல்லாம் வளராதுங்களே?

வெளியே உறைபனி விழுந்தாலும் வாய்க்குள் 35 டிகிரிக்கு மேல்தான், சென்னைக்காரர் வாய்க்குள் இருப்பதும் அதேதான். கிருமிக்கு கோத்தகிரியும் தெரியாது, மெரினாவும் தெரியாது. சொல்லப்போனால் குளிரில் நாம் தண்ணீர் குறைவாகக் குடிக்கிறோம், மூக்கடைப்பில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறோம், வாய் காய்ந்துபோகிறது. அது கிருமிக்குத்தான் சௌகரியம்.

காலைல ஒரு தடவை நல்லா வெளக்கிடறேன். ராத்திரி தண்ணியில கை வைக்க முடியல, விட்டா என்ன?

டிசம்பர், ஜனவரியில் இரவு ஒன்பது மணிக்குக் குழாய்த் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொன்னால் எனக்கும் கோபம்தான் வரும். ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இரவை வைத்துக்கொண்டு காலையை விடுங்கள் என்பேன். பகலில் உமிழ்நீர் ஊறிக்கொண்டே இருக்கும், ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை. அது கழுவும், அமிலத்தைத் தணிக்கும், அதிலேயே கிருமியை எதிர்க்கிற புரதங்களும் உண்டு. தூங்கும்போது இந்த ஊற்று ஏறக்குறைய நின்றுவிடும். இரவுச் சாப்பாட்டின் மிச்சத்தோடு படுத்தால் ஏழெட்டு மணி நேரம் கிருமிகளுக்குக் கேட்பாரில்லாத விருந்து.

வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் துலக்கினால் பலன் எதுவும் குறையாது. அழுக்கை எடுப்பது பிரஷ்ஷின் உரசல்தான், தண்ணீரின் சூடு இல்லை. சாப்பிட்ட உடனே, அடுப்படியில் வெந்நீர் இருக்கும்போதே முடித்துவிடுவது இன்னும் சுலபம், அதன் பிறகு எதையும் கொறிக்காமல் இருந்தால் சரி. குளிர்ந்த தண்ணீர் பட்டால் பல் சுரீர் என்கிறது என்றால் அது வேறு விஷயம்: ஈறு இறங்கியோ எனாமல் தேய்ந்தோ இருக்கலாம், காட்டிவிடுங்கள்.

தண்ணி விட்டு நல்லா கொப்பளிச்சா போதாதா?

சாப்பாட்டுத் துணுக்கு போகும், கிருமிப் படலம் போகாது. தண்ணீர்த் தொட்டியின் உள்சுவரில் வழவழவென்று ஒன்று பிடிக்குமே, எத்தனை வாளி ஊற்றினாலும் போகாது, தேய்த்தால்தான் போகும். பல் மேல் பிடிப்பதும் அந்த ரகம்தான். துலக்கி முடித்த சில நிமிடங்களிலேயே உமிழ்நீரின் புரதம் பல் மேல் மெல்லியதாகப் படியும், அதன் மேல் முதல் வரிசைக் கிருமிகள் ஒட்டும், அவற்றைப் பிடித்துக்கொண்டு அடுத்தவை வரும், எல்லாமாகச் சேர்ந்து ஒரு பசையைச் சுரந்து அதற்குள் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் பசைக்குள் மருந்துகூடச் சரியாக இறங்காது. தினமும் கலைத்துவிட வேண்டும், அதுதான் ஒரே வழி.

பிரஷ் நுழையாத இடம் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில். அதற்கு நூல், அதாவது ஃப்ளாஸ், அல்லது இடைவெளி பெரிதாக இருந்தால் அதற்கென்றே விற்கும் குட்டி பிரஷ். குண்டூசி, ஹேர்பின், தீக்குச்சி வேண்டாம்.

ஒரு வாரம் வெளக்காம விட்டா அப்படி என்னதான் ஆயிடும்?

இதை உண்மையிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். 1965இல் டென்மார்க்கில், ஹரால்ட் லோ என்பவரும் அவர் கூட்டாளிகளும், ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கிச் சிவந்தது. ஒருவர்கூடத் தப்பவில்லை. கிருமிகளின் எண்ணிக்கை கூடியதோடு, வகையும் மாறியது: முதலில் உருண்டைகள், பிறகு நீளமானவை, கடைசியில் சுருள் வடிவங்கள். திரும்பத் துலக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் பத்து நாளில் ஈறு பழையபடி ஆனது.

இதில் எனக்குப் பிடித்தது அந்தக் கடைசி வரிதான். ஈறு வீக்கம் அந்த நிலையில் இருக்கும்வரை முழுசாகத் திரும்பும். வருடக்கணக்கில் விட்டு, கீழே எலும்பு கரைந்துவிட்டால் அது திரும்பாது.

தேய்ச்சா ரத்தம் வருது, அதனால அந்தப் பக்கம் தொடறதே இல்ல.

ரத்தம் வரும் இடம்தான் நீங்கள் சரியாகத் துலக்காத இடம். தொடாமல் விட்டால் மேலே டென்மார்க்கில் நடந்தது உங்கள் வாயின் அந்தப் பக்கத்தில் நடக்கும். மிருதுவான பிரஷ் எடுத்து, ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து, பொறுமையாகச் செய்யுங்கள். முதல் சில நாள் ரத்தம் வரும், பிறகு குறைய வேண்டும். இரண்டு வாரமாகியும் நிற்கவில்லை என்றால் காரை, அதாவது கல் மாதிரி இறுகிப்போன படலம், பிடித்திருக்கும், அதைப் பிரஷ்ஷால் எடுக்க முடியாது, வாருங்கள். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு ஹார்மோன் காரணமாக ஈறு சீக்கிரம் வீங்கும், அவர்கள் இன்னும் கவனமாகத் துலக்க வேண்டும், பயந்து நிறுத்தக் கூடாது.

பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் "எனக்கு ரத்தமே வராது" என்று பெருமையாகச் சொல்வார்கள். புகையிலை ஈறின் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் எச்சரிக்கை மணி அடிக்காமல் போகிறது, உள்ளே நோய் இருந்துகொண்டே இருக்கும்.

எங்க தாத்தா சாம்பல், கரி வெச்சுத்தான் தேச்சாரு. எழுபது வயசுலயும் எல்லா பல்லும் இருந்துச்சு.

இருந்திருக்கும். அவர் சாப்பிட்டது ராகியும் சாமையும் கீரையும், கிரீம் பிஸ்கட் இல்லை, டீயில்கூட சர்க்கரை எப்போதாவதுதான். பல்லைக் காப்பாற்றியது சாம்பலாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு. சாம்பல், கரி, செங்கல் பொடி, கரகரவென்று இருக்கும் பல்பொடி எல்லாம் கிருமிப் படலத்தை எடுக்கும், கூடவே எனாமலையும் தேய்க்கும், எனாமல் திரும்ப வளராது.

வேப்பங்குச்சி, ஆலங்குச்சி பரவாயில்லை, நன்றாக மென்று நார் நாராக்கிக் குத்தாமல் தேய்த்தால் படலம் போகும். வேப்பமரம் கோத்தகிரி உயரத்தில் சரியாக வராது, மேட்டுப்பாளையத்திலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. எப்படியிருந்தாலும் பேஸ்ட்டில் இருப்பதும் குச்சியில் இல்லாததும் ஃப்ளூரைடு.

அந்த ஃப்ளூரைடு விஷம்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆழ்குழாய்த் தண்ணீரில் ஃப்ளூரைடு கூடுதலாக இருக்கிறது, அதை வருடக்கணக்கில் குடித்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறையும் எலும்புத் தொல்லையும் வந்தது உண்மை. அது விழுங்கிய ஃப்ளூரைடு. பேஸ்ட்டை நாம் துப்பிவிடுகிறோம். பல்லில் அது செய்வது இரண்டு வேலை: கரைந்த தாதுவைத் திரும்பச் சேர்க்க உதவும், கிருமி அமிலம் சுரப்பதையும் ஓரளவு மட்டுப்படுத்தும். நம் நாட்டில் பேஸ்ட்டில் பத்து லட்சத்துக்கு 1000 பங்குக்கு மேல் ஃப்ளூரைடு இருக்கக் கூடாது என்பது விதி, டியூபின் பின்பக்கம் போட்டிருக்கும், படித்து வாங்குங்கள்.

மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்கச் சுருட்டி வைக்கிறார்களே, அது விற்பனைக்கு. துலக்கியதும் நுரையைத் துப்புங்கள், பத்துத் தடவை கொப்பளிக்க வேண்டாம், கொஞ்சம் வாயில் தங்கட்டும்.

டீ குடிச்சிட்டு வெளக்கறதா, வெளக்கிட்டு டீ குடிக்கறதா?

துலக்கிவிட்டுக் குடியுங்கள். இரவெல்லாம் கட்டிய படலத்தின் மேல் சர்க்கரை போட்ட டீயை ஊற்றினால் அமிலம் உடனே ஆரம்பிக்கும், படலம் இல்லாத பல்லில் அந்த வேகம் இருக்காது. எழுந்ததும் டீ இல்லாமல் முடியாது என்பவர்கள் அந்த ஒரு டீயைச் சர்க்கரை இல்லாமல் பழகிக்கொள்ளலாம். ஆரஞ்சு, எலுமிச்சை மாதிரி புளிப்பு சாப்பிட்டால் உடனே துலக்காதீர்கள், எனாமல் இளகியிருக்கும், அரை மணிக்கு மேல் கழியட்டும்.

தோட்டத்துல ஒரு நாளைக்கு அஞ்சாறு டீ ஆயிடுது. டீ பல்லுக்கு நல்லதுன்னும் சொல்றாங்களே?

இரண்டுமே உண்மை, அதுதான் குழப்பம். தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃப்ளூரைடை இலையில் சேர்த்துவைக்கிற செடி, அதன் துவர்ப்புப் பொருள்கள் மியூட்டன்ஸ் கிருமியைக் கொஞ்சம் தடுப்பதாகவும் ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நாம் குடிப்பது தேயிலைத் தண்ணீர் மட்டுமா? இரண்டு ஸ்பூன் சர்க்கரை, கூடவே வர்க்கி, அதாவது இந்த மலை பேக்கரிகளின் மொறுமொறு பிஸ்கட்.

கணக்குப் போடுவோம். ஒரு இனிப்பு டீக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் அமிலம் என்று சொத்தைக் கேள்வியில் பார்த்தோம். ஆறு டீ என்றால் மூன்றிலிருந்து ஆறு மணி நேரம். பிளாஸ்க்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு டம்ளரை அரை மணி நேரம் உறிஞ்சுகிறவர்களுக்கு நேரம் இன்னும் நீளும். இதில் மொத்தம் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்கு முக்கியம். வர்க்கி வேறு, மைதாவும் சர்க்கரையும் பொடிப்பொடியாக உதிர்ந்து கடைவாய்ப் பல் குழியில் போய் உட்காரும், டீயில் நனைத்தால் இன்னும் ஒட்டும். வர்க்கியை விடச் சொல்ல எனக்கு மனசு வராது. உட்கார்ந்து ஒரே தடவையில் சாப்பிட்டு, வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிடுங்கள். மற்ற டீயில் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள்.

வெல்லத்துண்டைக் கடித்துக்கொண்டு டீ குடிப்பது, கருப்பட்டி, மலைத்தேன், இதெல்லாம் உடம்புக்கு எப்படியோ, வாய்க் கிருமிக்கு எல்லாம் ஒரே சாப்பாடுதான். ஹோம்மேட் சாக்லேட்டைப் பற்றியும் கேட்கிறார்கள்: அது சீக்கிரம் கரைந்து போய்விடும், பல்லில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் இருக்கும் மிட்டாயைவிடத் தேவலை.

கேரட் கடிச்சா பல்லு தானா சுத்தமாயிடுமாமே?

கேத்தி கேரட்டைப் பச்சையாகக் கடித்தால் எச்சில் நன்றாக ஊறும், அது நல்லது. ஈறோரத்துப் படலத்தைக் கேரட் தொடாது.

ரெண்டு வேளையும் வெளக்கறேன், அப்பவும் வாய் நாறுது. வயித்துக் கோளாறா?

வயிறு காரணமாக இருப்பது குறைவு, பெரும்பாலும் வாயிலிருந்துதான். நாக்கின் பின்பக்கம் மேடு பள்ளமாக இருக்கும், காற்றே படாத இடங்கள் அதில் நிறைய. காற்றில்லாமல் வாழும் கிருமிகள் அங்கே உட்கார்ந்து புரதத்தைச் சிதைத்து, அழுகிய முட்டை வாசனை வருமே, அந்த கந்தக வாயுக்களை விடும். வாய் காய்ந்தால் இது கூடும், அதனால்தான் எழுந்ததும் எல்லோருக்கும் நாறுகிறது.

நாக்கு வழிப்பது நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிற பழக்கம், அதை விட்டுவிடாதீர்கள். மெதுவாக, பின்பக்கத்திலிருந்து முன்னால், இரண்டு மூன்று இழுப்பு போதும், ரத்தம் வருமளவு வேண்டாம். அதற்கும் போகவில்லை என்றால் ஈறு நோயோ, சொத்தையோ, டான்சிலோ, சைனஸோ இருக்கலாம். பிரஷர், அலர்ஜி, மன அழுத்தம் இவற்றுக்கான சில மாத்திரைகளும் வாயைக் காயவைக்கும், சாப்பிடுகிற மாத்திரைப் பட்டியலைக் கொண்டு வாருங்கள்.

நல்லெண்ணெய் கொப்பளிச்சா எல்லாக் கிருமியும் வெளிய வந்துடுமா?

எல்லாம் வராது. சின்னச் சின்ன ஆய்வுகளில் படலம் கொஞ்சம் குறைந்ததாக வந்திருக்கிறது, பலமான சாட்சி என்று சொல்ல முடியாது. துலக்குவதோடு சேர்த்துச் செய்தால் கெடுதல் இல்லை, அதற்குப் பதிலாகச் செய்தால்தான் கெடுதல். விழுங்காமல் துப்புங்கள், வாஷ்பேசினில் வேண்டாம், குழாய் அடைத்துக்கொள்ளும்.

மவுத்வாஷ்ல தைலம்தான் இருக்காம். வீட்ல யூகலிப்டஸ் தைலம் இருக்கே, ரெண்டு சொட்டு விட்டுக் கொப்பளிக்கலாமா?

இந்த மலையில் மட்டும் கேட்கிற கேள்வி என்று நினைக்கிறேன், எல்லா வீட்டிலும் ஒரு பாட்டில் இருக்கும். மூலிகை எண்ணெய் வகை மவுத்வாஷ் ஒன்றில் யூகலிப்டஸ் சத்து, வின்டர்கிரீன் எண்ணெயின் சத்து, ஓமத்தில் இருக்கும் தைமால், மென்தால் நான்கும் இருப்பது உண்மைதான், படலத்தைக் குறைக்கவும் செய்யும். ஆனால் ஒவ்வொன்றும் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, தண்ணீரில் கரையும்படி தயாரித்தது. வீட்டில் இரண்டு சொட்டு விட்டால் எண்ணெய் தண்ணீரோடு கலக்காமல் மேலே மிதந்து, ஒரே இடத்தில் பட்டு வாயைப் பொசுக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம், குழந்தைகள். யூகலிப்டஸ் தைலம் கொஞ்சம் விழுங்கினாலே சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம். வின்டர்கிரீன் இன்னும் மோசம்: ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லியில், ஏழு கிராம் அளவுக்கு சாலிசிலேட் இருக்கிறது, ஆஸ்பிரின் மாத்திரை இருபதை ஒன்றாக விழுங்கிய மாதிரி. நெஞ்சுக்கும் மூட்டுக்கும் வெளியே தடவுங்கள், வாய்க்கு வேண்டாம், பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். கிராம்பு எண்ணெய் பல் வலிக்கு ஒரு துளி பஞ்சில் தொட்டு வைப்பது, டாக்டரிடம் வரும்வரை மரத்துப்போகச் செய்யும். அந்தக் கிராம்பு மலைக்குக் கீழே பர்லியாரில் இருக்கும் மசாலாப் பயிர்த் தோட்டத்திலேயே விளைந்திருந்தாலும் சொத்தையை ஆற்றாது.

டாக்டர் குடுத்த மவுத்வாஷ் நல்லா இருந்துச்சு, தினமும் போட்டுக்கிட்டே இருக்கலாமா?

டாக்டர் எத்தனை நாள் எழுதினாரோ அத்தனை நாள். வழக்கமாகக் கொடுப்பது குளோர்ஹெக்சிடின், ஈறு சிகிச்சைக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரத்துக்கு. அதற்கு மேல் போனால் பல்லில் பழுப்புக் கறை படியும், டீ நிறையக் குடிக்கிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம், அதாவது இந்த மலையில் எல்லோருக்கும். நாக்கில் ருசியும் மாறும். பேஸ்ட் போட்ட உடனே இதைப் போட்டால் பேஸ்ட்டின் நுரைப்பொருள் இதன் வேலையைக் குறைத்துவிடும், அரை மணி இடைவெளி விடுங்கள்.

முதல் கேள்வியில் நல்ல கிருமிகள் உண்டு என்றேனே, அவை இங்கேதான் வருகின்றன. கீரை, பீட்ரூட், முள்ளங்கியில் நைட்ரேட் இருக்கிறது. அதை நைட்ரைட்டாக மாற்றுவது நாக்கில் வாழும் சில பாக்டீரியாக்கள். அது உடம்புக்குள் போய் நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக் குழாயைத் தளர்த்தும். குளோர்ஹெக்சிடின் நல்லது கெட்டது பார்க்காமல் கொல்வதால், அதைத் தொடர்ந்து போட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் "எல்லாக் கிருமியையும் ஒழிக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க" என்று யாராவது கேட்டால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

ஜூன் ஜூலைல பிரஷ் காயவே மாட்டேங்குது. மூடி போட்டு வெக்கட்டுமா?

மூடி போட்டால் இன்னும் காயாது. ஈரமான பிரஷ்ஷில் கிருமி தங்கும், நம் மூடுபனி நாட்களில் காலை வைத்த பிரஷ் இரவிலும் நசநசவென்றே இருக்கும். நன்றாக உதறி, தலை மேலே இருக்கும்படி நிறுத்தி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், அடுப்படி ஜன்னல் பக்கம் நல்ல இடம். இரண்டு பிரஷ் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதும் நல்ல யோசனை. வீட்டார் பிரஷ்கள் ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை, நார் விரிந்தால் அதற்கு முன்பே, மாற்றிவிடுங்கள்.

என் பல்லுல சொத்தை இருந்தா குழந்தைக்கு ஒட்டுமா? ஒரே ஸ்பூன்ல ஊட்டறேன்.

சொத்தை ஒட்டாது, அதை உண்டாக்கும் கிருமி எச்சில் வழியாகப் போகும். குழந்தை பிறக்கும்போது மியூட்டன்ஸ் வாயில் இருப்பதில்லை, பல் முளைத்த பிறகு குடியேறும், பெரும்பாலும் அம்மாவிடமிருந்துதான். மென்று ஊட்டுவதையும் ஸ்பூனைச் சப்பிப் பார்த்துவிட்டுக் கொடுப்பதையும் குறைக்கலாம். அதைவிடப் பலன் உங்கள் சொத்தையை அடைத்துக்கொள்வதிலும், குழந்தையைச் சர்க்கரைப் பால் பாட்டிலோடு தூங்கவைக்காமல் இருப்பதிலும் இருக்கிறது. இரவில் உமிழ்நீர் நிற்பது குழந்தைக்கும் உண்டு.

விழப்போகிற பால் பல்தானே என்று விடாதீர்கள். முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் ஆறு வயதில் முளைக்கிறது, பக்கத்தில் சொத்தைப் பால் பல்லும் அதன் கிருமிகளும் இருந்தால் புதுப் பல்லும் அதே கூட்டத்துக்கு நடுவில்தான் வரும்.

கிளீனிங் பண்ணா பல்லு ஆடிப்போயிடுமாமே? பக்கத்து வீட்டம்மாவுக்கு ஆடுச்சு.

படலத்தைக் கலைக்காமல் விட்டால் உமிழ்நீரின் கால்சியம் படிந்து அது காரையாக இறுகும். ஈறும் எலும்பும் ஏற்கெனவே போன இடத்தில் இந்தக் காரைதான் பல்லைப் பல்லோடு சேர்த்துப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் பல் ஆடுவது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். ஆட்டம் வந்தது காரையால், எடுத்ததால் இல்லை. கிளீனிங் செய்த பிறகு இடைவெளி தெரிவதும் இப்படித்தான், அந்த இடத்தில் இருந்தது பல் இல்லை.

வெத்தல பாக்கு போட்டா வாய்க் கிருமி சாகும்னு எங்க பாட்டி சொல்லும்.

பாட்டியிடம் சண்டை போட வேண்டாம், ஆனால் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது, புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும்தான். வாய் திறப்பது நாளுக்கு நாள் குறைகிறது, காரம் பட்டால் எரிகிறது, வெள்ளைத் திட்டு இருக்கிறது என்றால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

பல்வலிக்கு மெடிக்கல்ல ஒரு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டா நிக்குது. அப்புறம் எதுக்கு டாக்டர்?

வலி நின்றது பெரும்பாலும் கூடக் கொடுத்த வலி மாத்திரையால், அல்லது உள்ளே நரம்பு செத்துப்போனதால். பல்லின் நடுவில் செத்த திசுவுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, ரத்தத்தில் வரும் மருந்து அங்கே போய்ச் சேர முடியாது. கிருமி இருக்கும் இடத்தைத் திறந்து சுத்தம் செய்தால்தான் தீரும், ரூட் கேனாலோ பிடுங்குவதோ. அரைகுறையாக மூன்று மாத்திரை போடுவதால் வாயிலும் குடலிலும் இருக்கும் மற்ற கிருமிகள் அந்த மருந்துக்குப் பழகிக்கொள்கின்றன. முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால் அது வேறு, அப்போது கிளினிக்கூட வேண்டாம், நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ராத்திரியாக இருந்தாலும்.

வாய்க் கிருமி இதயத்துக்குப் போகும்னு சொல்றது பயமுறுத்தலா? எனக்கு சுகர் வேற இருக்கு.

பாதி. ஈறு நோய் உள்ளவர்களுக்கு இதய நோய் கூடுதலாக இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள், இது அதற்குக் காரணம் என்று நிரூபணமாகவில்லை. சர்க்கரை நோய் விஷயம் இன்னும் தெளிவு: சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் முற்றும், ஈறு வீங்கிக்கிடந்தால் சர்க்கரை கட்டுக்குள் வருவது கஷ்டம். உங்கள் சுகர் டாக்டரிடம் ஈறில் ரத்தம் வருவதையும், பல் டாக்டரிடம் உங்கள் சுகர் அளவையும் சொல்லுங்கள்.

உண்மையிலேயே பயப்பட வேண்டியவர்கள் ஒரு சிறிய கூட்டம் உண்டு: செயற்கை வால்வு வைத்தவர்கள், முன்பு இதய வால்வில் கிருமித் தொற்று வந்தவர்கள், பிறவியிலேயே சில வகை இதயக் கோளாறு இருப்பவர்கள். பல் பிடுங்கும்போதும் ஆழமாகக் கிளீனிங் செய்யும்போதும் வாய் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ரத்தத்தில் இறங்கும், மற்றவர்களுக்கு உடம்பு அதைச் சமாளித்துவிடும், இவர்களுக்கு வால்வில் போய் ஒட்டலாம். இவர்களுக்கு மட்டும் சிகிச்சைக்கு முன்னால் ஆன்டிபயாடிக் கொடுப்போம். அதனால் இதயத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், நாற்காலியில் உட்கார்ந்த பிறகு இல்லை, அப்பாயின்ட்மென்டுக்கு போன் செய்யும்போதே சொல்லிவிடுங்கள், பழைய சீட்டையும் எடுத்து வாருங்கள்.